ரெண்டு ஆத்து ஆத்திக் குடிங்க

அர்ஜென்டினாவில் காபி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாத்தே உண்டு. யெர்பா மாத்தே இலைத்தூளைச் சுரைக்குடுவையில் பாதிக்கு மேல் நிரப்பி, வெந்நீர் விட்டு, அடியில் சல்லடை வைத்த உலோகக் குழலால் உறிஞ்சுவார்கள். தீர்ந்ததும் மறுபடி வெந்நீர் ஊற்றி அடுத்தவர் கைக்குக் கொடுப்பார்கள். குவாரானி பழங்குடிகள் தந்த பழக்கம். காபி, டீயில் இருக்கும் அதே கஃபீன்தான் அதிலும்.

எங்க பொட்டிப்புரம் பக்கம் தூக்கம் கலைப்பது டீதான். போடிமெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அக்காமார், விடியுமுன்னே ஜீப் ஹாரன் கேட்டதும் ஆவி பறக்கும் டீயை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, தூக்குவாளியோடு ஓடுகிறார்கள். பார்க்கும்போதே எனக்கு நெஞ்சு பதறும்.

காரணம் இருக்கிறது. 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மாத்தேயை அலசியது. இலையைக் குற்றம் சொல்ல ஆதாரம் போதவில்லை, சூட்டைத்தான் சந்தேகித்தது. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் எதைக் குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வாய்ப்புண்டு என்றது.

அக்கா, மாஸ்டரிடம் ரெண்டு ஆத்து கூட ஆத்தச் சொல்லுங்க. டிரைவர் தம்பி, அவங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஹாரன் அடிக்காதீங்க.