புழுதி ஊரிலிருந்து பினாங்குக்கு

எங்கள் ஊர் வீரசோழனில் பஸ் ஏறி நரிக்குடி, திருச்சுழி வழியாக அருப்புக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் ஜன்னல் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். அவ்வளவு புழுதி. இரண்டு பக்கமும் சீமைக்கருவேல், இடையிடையே கரிமூட்டப் புகை, வறண்ட கண்மாய்க்குள் மேயும் ஆடுகள். அங்கிருந்து மதுரை, திருச்சி, கோலாலம்பூர் என்று மாறி மாறி, கடைசியில் 13.5 கிலோமீட்டர் கடல் பாலத்தைக் கடந்து பினாங்குத் தீவில் இறங்கினேன். ஓர் அமெரிக்க சிப் கம்பெனியின் மலேசியக் கிளையில் வேலை.

கிளை இருந்த பாயான் லெப்பாஸ் ஒரு காலத்தில் நெல்வயல். 1972-இல் அங்கே தீர்வையற்ற தொழிற்பேட்டை வந்தது. அதே ஆண்டில் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே தொடங்கியது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

முதல் நாள் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி மாட்டி, சின்ன அறையொன்றில் நிற்கவைத்து, நாலாபக்கமும் காற்றடித்து உடம்புத் தூசியைத் தட்டித்தான் உள்ளே விட்டார்கள். இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். "தூசியே ஆகாத எடமா? நம்ம ஊர்ல பொறந்தவனுக்கா அந்த வேலை?" என்று வெகுநேரம் சிரித்தார்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்த முதல் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி. ஊசிமுனை சிப்பின் ஓரத்தைத் தொட்டுக் கம்பியை ஒட்டுகிறது. வளைத்து இழுத்து மறுமுனையை ஒட்டி அறுக்கிறது. கண் சிமிட்டுவதற்குள் அடுத்தது. அருப்புக்கோட்டைத் தறியில் அறுந்த இழையை முடியும் விரல்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

வேலை கற்றுக்கொடுத்தவர், அந்த உற்பத்தி வரிசையிலேயே பல வருடம் நின்ற ஒரு மலாய் அக்கா. கம்பியின் வளைவு லேசாகச் சாய்ந்தாலே ஊசிமுனை தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவார். என் பொறியியல் படிப்பில் இது இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு. சோழ என்பதே சூலியா ஆனது என்பார்கள். அருகில் தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் மொகிதீன் 1801-இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தொழுதுவிட்டு நாசி கண்டார் சோற்றுக் கடையில் உட்கார்ந்தால், "தம்பிக்கு எந்த ஊரு?" வீரசோழன் என்றதும் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

கலிபோர்னியாவில் காலை எட்டு என்றால் எங்களுக்கு இரவு பதினொன்றோ பன்னிரண்டோ. முடிவுகள் அந்த நேரத்துப் போனில்தான் வரும். ஓர் இரவு, எங்கள் வரிசையை வேறு நாட்டுக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். இயந்திரத்தோடு வாழ்ந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை. அக்காவுக்கு மறுமாதமே பக்கத்து ஆலையில் வேலை கிடைத்தது. கம்பெனி போனாலும் கையில் வேலை இருந்தது.

பினாங்கில் அப்படிப்பட்ட கைகளை உருவாக்கவே 1989-இல் ஒரு திறன் மேம்பாட்டு மையம் தொடங்கினார்கள். போட்டிக் கம்பெனிகளும் மாநில அரசும் கல்வித் துறையும் ஒன்று சேர்ந்து நடத்துவது. நூற்பாலைகளும் தறிகளும் கல்லூரிகளும் உள்ள அருப்புக்கோட்டையில் அப்படி ஒன்றை ஏன் தொடங்க முடியாது? ஆலைக்காரர்களும் அரசும் சேர்ந்து செய்ய வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்காகக் கடன் வாங்கி ஏஜென்டிடம் கட்டுவதற்கு முன்பே அதன் கதவு திறக்க வேண்டும்.