ஓரமாகப் போனவன்

கிரிம் சகோதரர்கள் 1815இல் வெளியிட்ட இரண்டாம் தொகுதியில் ‘ஜீவத்தண்ணீர்’ என்றொரு கதை உண்டு. ராஜா சாகக் கிடக்கிறார். அந்தத் தண்ணீரைக் குடித்தால்தான் பிழைப்பார். மூத்த மகன் புறப்படுகிறான். புறப்படும்போதே ஒரு கணக்கு: கொண்டுவந்துவிட்டால் அப்பாவுக்கு நான்தான் செல்லப்பிள்ளை, ராஜ்ஜியமும் எனக்கே. வழியில் ஒரு குள்ளன், இத்தனை வேகமாக எங்கே போகிறாய் என்று கேட்கிறான். உனக்கெதற்கு அது என்று எடுத்தெறிந்து பேசிவிட்டுப் போகிறான் மூத்தவன். கொஞ்ச தூரத்தில் மலையிடுக்கு நெருங்கிவந்து, முன்னே போகவும் குதிரையைத் திருப்பவும் முடியாமல் சிக்கிக்கொள்கிறான். நடுப்பிள்ளைக்கும் அதே கதி. கடைக்குட்டி மட்டும் நின்று பதில் சொல்கிறான். அவனுக்கு வழி கிடைக்கிறது.

நான் வீட்டுக்கு மூத்தவன். ஆனாலும் இந்தக் கதையைப் படித்தபோதெல்லாம் கடைக்குட்டியின் குதிரையில்தான் ஏறிக்கொண்டேன். ரஷ்ய அறிஞர் விளாதிமிர் பிராப் நூறு மாயக்கதைகளைப் பிரித்து ஆராய்ந்து 1928இல் ஒரு நூல் வெளியிட்டார். உதவப் போகிறவர் முதலில் நாயகனைச் சோதிப்பது அந்தக் கதைகளின் அமைப்பிலேயே இருக்கிறது என்று காட்டினார். படிக்கிறவனுக்கு அது சோதனை என்று தெரியும். குதிரையில் போகிறவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

அப்பா படுக்கையில் விழுந்தபோது ஆஸ்பத்திரி, ஸ்கேன், இன்சூரன்ஸ் என்று ஓடியது நான்தான். பில்களைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் அடுக்கினேன். என்றாவது சொந்தக்காரர்கள் முன்னால் எடுத்துப் போடலாம் என்ற எண்ணமும் அதில் இருந்தது. தம்பி பணம் தரவில்லை. தர அவனிடம் இல்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பான். ‘பிழைக்கத் தெரியாதவன்’ என்று அவன் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

“ஒரு தடவை ஊருக்குப் போயி அய்யனாரைக் கும்பிட்டுட்டு வந்துருவோமாடா?” என்று கேட்டார் அப்பா.

“முதல்ல உடம்பு தேறட்டும்பா” என்றேன்.

நியாயமான பதில்தான். டாக்டரும் அதையே சொல்லியிருக்கக்கூடும். ஆனால் நான் டாக்டரைக் கேட்கவே இல்லை. உள்ளே ஓடியது கார் வாடகைக் கணக்கு. பணம் இல்லாமல் இல்லை, இதற்குப் போய்ச் செலவழிப்பதா என்றிருந்தது. தம்பி யாரிடமோ கடன் வாங்கி அவரை அழைத்துப் போய்வந்தான். திரும்பியதும் வாசலிலேயே அவனைத் திட்டித் தீர்த்தேன். அப்பா இன்னும் காருக்குள்தான் இருந்தார்.

கதையின் கடைசியில் ஓர் இளவரசி தன் கோட்டைக்குத் தங்கத்தில் சாலை போடுகிறாள். நடுவில் நேராக வருகிறவனை மட்டும் உள்ளே விடுங்கள் என்பது அவள் உத்தரவு. மலையிடுக்கிலிருந்து விடுபட்டுவிட்ட மூத்தவன் வருகிறான். அடடா, இதன்மேல் குதிரையை விட்டால் பாழாகிவிடுமே என்று வலது ஓரமாகப் போகிறான். வாசலில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இளையவன் அவள் நினைப்பிலேயே வருகிறான். காலடியில் தங்கம் கிடப்பதே அவன் கண்ணில் படவில்லை.

மூத்தவனைப் பாவி என்று ஒதுக்குவது சுலபம். தம்பியின் ஜீவத்தண்ணீரைத் திருடி, பதிலுக்குக் கடல்நீரை வைத்து, பழியையும் அவன்மேல் போட்டவன் அவன். அதையெல்லாம் நான் செய்யவில்லை என்று தப்பித்துவிடலாம். தங்கச் சாலையில்தான் தப்பிக்க முடியவில்லை. அங்கே அவன் எந்தப் பாவமும் செய்யவில்லை. ஒரு பொருள் வீணாகக் கூடாதே என்று பார்க்கிறான், அவ்வளவுதான். நம் வீடுகளில் அவனுக்குப் ‘பொறுப்பான பிள்ளை’ என்று பெயர்.

எனக்கும் அந்தப் பெயர் கிடைத்தது. அப்பாவின் காரியத்தன்று பெரியப்பா எல்லார் முன்னிலையிலும், “மூத்தவன்தான் ஒத்தையாளா நின்னு பார்த்துக்கிட்டான்” என்றார். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த தம்பி, “ஆமா பெரியப்பா, அண்ணன்தான்” என்றான். நான் மறுத்துப் பேசவில்லை. அந்தக் கடனை அவனே கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தான் என்று பிறகு தெரிந்தது. கார் வாடகையை நான் இன்னும் அவனுக்குக் கொடுக்கவில்லை.