கால்வாய்க் கரையில் ஒரு சைக்கிள் பாதை

வட இத்தாலியில், திச்சினோ ஆற்று நீரை மிலான் நகருக்குக் கொண்டுவரும் பழங்காலக் கால்வாய் ஒன்று உண்டு. நவிலியோ கிராண்டே என்பது அதன் பெயர். 'பெரிய கால்வாய்' என்று பொருள். 1177-இல் வெட்டத் தொடங்கினார்கள். நீளம் சுமார் 50 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் சரிவு 34 மீட்டர்தான்! எனவே சைக்கிள் மிதிப்பவர் மேடேறி மூச்சு வாங்க வேண்டியதில்லை.

மிலான் பேராலயம் கட்டப் பளிங்குக் கற்கள் இவ்வழியே படகில் வந்தன. திரும்பும் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் கயிற்றால் இழுத்துச் சென்றன. அந்தக் குதிரைத் தடமே இன்று சைக்கிள் பாதை. சரக்குப் படகுப் போக்குவரத்து 1979-இல் நின்றுவிட்டது. பாதையின் பெரும்பகுதியில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. லாரிக்கு அஞ்சி ஓரம் ஒதுங்காமல் பாட்டியும் பேரனும் பக்கம் பக்கமாகப் போகலாம்.

வழியில் நெல்வயல்களும் உண்டு. வெள்ளைக்காரர் நாட்டில் நெல்லா என்று வியக்காதீர்கள், வாசகர்களே! அதற்கும் இந்தக் கால்வாய் நீர்தான் பாய்கிறது.

பேராலயத்தைப் பார்த்து வியப்பவர் பலர். இயந்திரம் இல்லாத அந்நாளில் மண்வெட்டி பிடித்துத் தோண்டிய தொழிலாளியின் பெயர் யாருக்குத் தெரியும்? அவன் வெட்டிய வழியில் தண்ணீர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.