அம்மாவோட தலைவலியும் அம்பாசிடர் கார்புரேட்டரும்

ஆரணியில ஒரு பட்டு வியாபாரி வீட்டில் பல வருஷம் சேலை மூட்டை சுமந்த அம்பாசிடர் ஒன்று, இப்போ எங்க களத்துமேட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறது. 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின், எஸ்.யூ. கார்புரேட்டர். இந்தக் கார் தயாரிப்பே 2014ல் நின்றுபோனது. அதனால் வண்டியில் எது கெட்டாலும் நாமளே கொஞ்சம் தெரிஞ்சு வச்சிருக்கணும்.

போன அறுவடை சமயம் வண்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சது. சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கும். மெக்கானிக் ஒருவர் பெட்ரோலைக் கூட்டி வைத்தார். வண்டி அணையலை, ஆனா பெட்ரோலைக் குடிச்சுது. அடுத்த முறை போனப்போ, "கார்புரேட்டர் சின்னதுண்ணே. பெரிசா ஒண்ணு மாட்டினா பறக்கும்" என்றார். நெல் பணம் கையில் இருந்தது. சரின்னு சொல்லிட்டேன்.

அதற்குள் அம்மாவுக்குக் கண் காட்ட வேலூர் போக வேண்டியிருந்தது. அம்மாவும் என் மகளும் பின்சீட்டில். ஏசி கிடையாது, தூசிக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றியிருந்தோம். திரும்பி வரும்போது கண்ணமங்கலம் தாண்டியதும் மகள் வாந்தி எடுத்தாள். அம்மாவுக்குத் தலை பிளக்கிற வலி. வெயில்தான் காரணம்னு நினைச்சேன். அடுத்த வாரமும் அதே கதை. அம்மாதான் சொன்னாங்க: "உன் வண்டில ஏறினாதாண்டா தலை வலிக்குது. இறங்கி காத்து வாங்கினா சரியாப் போவுது."

வயிற்றில் புளியைக் கரைத்தது. லேசா புகை வாசம் வந்துக்கிட்டுதான் இருந்தது. பழைய வண்டின்னா அப்படித்தான்னு விட்டிருந்தேன். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல். பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காமலே போனவர்கள் உண்டு.

மறுநாள் விடியற்காலை, இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பானட்டைத் திறந்து காது கொடுத்தேன். டிக் டிக் டிக். ஐந்து நிமிஷத்தில் சத்தம் குறைந்துவிட்டது. சூட்டில் இரும்பு விரிந்து இடுக்கை மூடிக்கொள்வதால் அப்படி. சூடான வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவருக்கு எப்படிக் கேட்கும்?

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, மருந்தடிக்கிற விசைத்தெளிப்பானில் காற்றை மட்டும் மெதுவாக சைலன்சர் வாலுக்குள் ஊதச் சொன்னேன். இணைப்புகளில் எல்லாம் சோப்பு நுரையைத் தடவினேன். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற அதே வித்தைதான். ரெண்டு இடத்தில் குமிழி வந்தது. ஒன்று, பின்சீட்டுக்குக் கீழே பைப் இணைப்பு. அதற்குப் பக்கத்திலேயே டிக்கி தரையில் துரு தின்ற ஓட்டை. இன்னொன்று, இன்ஜின் மேனிஃபோல்டு கேஸ்கட். அங்கே கரி படிந்து கறுத்திருந்தது.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த இந்த இன்ஜினில் காற்று உள்ளே போகிற வழியும் புகை வெளியே வருகிற வழியும் ஒரே பக்கம். ரெண்டுக்கும் ஒரே கேஸ்கட். அது கெட்டால் ஒரு பக்கம் புகை கசியும், இன்னொரு பக்கம் கணக்கில் வராத காற்று உள்ளே புகும். அதனால்தான் வண்டி அணைந்தது. அதைச் சரிக்கட்டத்தான் பெட்ரோலைக் கூட்டினோம். பாவம், கார்புரேட்டர் பழி சுமந்தது.

அதோட அளவையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்ஜின் ரெண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.489 லிட்டர் காற்று இழுக்கும். நிமிஷத்துக்கு 4,000 சுற்று ஓடினால் ஏறக்குறைய 2,980 லிட்டர். முழுசா நிரம்பாது, 80 சதவீதம்னு வைத்தால் ஏறக்குறைய 2,400 லிட்டர். இத்தனை வருஷமும் அதே கார்புரேட்டர்தான் இதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்ஜின் வளரவில்லை, வாய் மட்டும் எதற்குப் பெரிசாகணும்? ஹோஸ் பைப் வாயை விரலால் அடைத்தால்தான் தண்ணி சீறும். வாய் அகலமானால் காற்று வேகம் குறையும், மெதுவாகப் போகும்போது பெட்ரோல் சரியாகத் தூவாது. எஸ்.யூ.வில் காற்றுக்குத் தக்கபடி பிஸ்டன் ஏறி இறங்கி இதை ஓரளவு சமாளிக்கும். ஆனாலும் பெரிசு போட்டால் அதற்கேற்ற ஊசியும் தேட வேண்டும்.

புது கேஸ்கட் போட்டு, ஒருமுறை ஓட்டி ஆறவைத்து, நட்டுகளை மறுபடி முறுக்கினோம். பைப் மாற்றி, டிக்கி ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்தோம். கூட்டின பெட்ரோலைக் குறைத்து வைத்தோம். கறுத்துக் கிடந்த ப்ளக் இப்போ பழுப்பு நிறத்துக்கு வந்திருக்கு. பெரிய கார்புரேட்டர் விலையில் பாதிகூட ஆகலை.

பழைய கார் வச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். வண்டியில் ஏறினால் தலை வலித்து, இறங்கினால் சரியானால், அதை வெயில்னு விடாதீங்க. உடனே நிறுத்தி எல்லாரையும் இறக்குங்க. கசிவைச் சரிபண்ணாமல் மறுபடி யாரையும் ஏற்றாதீங்க. மூடின ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட்டு சூடேற்றாதீங்க.

போன வாரம் மறுபடி வேலூர் போய் வந்தோம். தலைவலி இல்லை. ஆனாலும் அம்மா வழி முழுக்கக் கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தாங்க.