அதே கிதார், வேறு விரல்கள்

ப்ளூஸ் ராக் கிதாரில் பெரியவர் இங்கிலாந்தின் கிளாப்டனா, அயர்லாந்தின் ரோரி கல்லாகரா என்று இரவெல்லாம் வழக்காடிய நாம், லண்டன்காரர் பீட்டர் கிரீனை மறந்தது பிழை. ஜான் மேயால் குழுவில் அவர் வாசித்து 1967இல் வெளிவந்த 'தி சூப்பர்நேச்சுரல்' இசைத்துண்டில் ஒற்றைச் சுரம் நீண்டு, நடுங்கி, மௌனத்தில் கரைகிறது.

அவர் விற்ற லெஸ் பால் கிதாரைக் கொண்டு பெல்ஃபாஸ்டின் கேரி மூர் 1995இல் அதையே வாசித்தார். அபாரமான கை. (மூரின் அன்பர்கள் பொறுத்தருள்க.) ஆயினும் அந்த மௌனத்தை மட்டும் நாம் அங்கே கேட்கவில்லை.

கிரீன் 1970இல் ஃப்ளீட்வுட் மேக்கை விட்டு விலகினார். பிறகு மனநோய் பல்லாண்டுகளை விழுங்கியது. அத்துயரை அறிந்து கேட்பதால்தான் நமக்கு அப்படித் தோன்றுகிறதோ? இசைத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 20. நோயைப் பற்றிய பேச்சே அப்போது இல்லை.