கலியாணத்துக்குப் போகும் மேஜை

நாகரசம்பட்டிக்கு எதற்காகப் போனீர்கள் என்று கேட்டால், மாம்பழத்துக்காக என்றுதான் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி, தென்பெண்ணை ஓடும் காவேரிப்பட்டணத்தைத் தாண்டினால் எங்கு பார்த்தாலும் மாந்தோப்புகள். ஆனால் நேயர்களே, நான் கொண்டு வந்திருக்கும் சேதி மாம்பழத்தைப் பற்றியதல்ல. ஒரு மேஜையைப் பற்றியது!

தெருக்கோடியில் ஓர் ஓட்டுக் கொட்டகை. உள்ளே ஒரு தச்சர் மண்டியிட்டு, மேஜைப் பலகையை விரல் நகத்தால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், வைத்தியர் நாடி பார்ப்பதுபோல.

"எங்கேயோ காற்று நிற்குதம்மா. பசை பிடிக்கவில்லை" என்றார், தலை நிமிராமலே.

மகளுக்கு அடுத்த வாரம் கலியாணம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தபால் மூலம் பி.காம். படிக்கிறாள்.

"கட்டில், பீரோ எல்லாம் கடையில் வாங்கலாம். இத்தனை நாளும் அவள் தரையில் குப்புறப் படுத்துத்தான் படித்தாள். கலியாணத்தோடு படிப்பு நின்றுவிடக் கூடாது பாருங்கள். இப்படி ஒரு மேஜை வீட்டில் இருந்தால், நிறுத்து என்று சொல்ல அவர்களுக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்குமில்லையா?"

முழுக்க ஈட்டி மரத்தில் செய்வதென்றால் தோப்பை விற்க வேண்டும். அவருக்குத் தோப்பும் கிடையாது. 2017 முதல் ஈட்டி மரம் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் வேறு இருக்கிறது. அதனால் உள்ளே ப்ளைவுட். மேலே அப்பளம்போல் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஈட்டி மரச் சீவல். 'வினீர்' என்கிறார்கள். ஒரே கட்டையில் அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தாள்களைப் புத்தகம் விரிப்பதுபோல் பக்கத்தில் பக்கம் வைத்திருந்தார். ரேகைகள் இரு புறமும் ஒன்றுபோல் விரிந்து, மயில் தோகை மாதிரி நின்றன. அடிப்பக்கத்திலும், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு தாள் ஒட்டியிருந்தார். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளைந்துவிடுமாம்.

இளமையில் மைசூரில் வேலை பார்த்தவர். 1912-இல் கட்டி முடிந்த அந்த அரண்மனையின் அம்பா விலாசத்தில், தந்தம் பதித்த ஈட்டி மரக் கதவைப் பார்த்திருப்பீர்கள். இன்று தந்த வியாபாரத்துக்குத் தடை. பல நிற மரத் துண்டுகளையே, அந்தந்த உருவத்துக்குக் குழி தோண்டிப் பதிக்கிறார்கள். மஞ்சளுக்குப் பலா மரம், சாயம் பூசுவதில்லை. அந்த வித்தையை நம்மவரும் மறக்கவில்லை. மேஜையின் ஒரு மூலையில் பலா மரத்தில் ஒரு சின்ன மாங்காய்! நகையில்கூட அவ்வளவு அழகான மாங்காய் நான் பார்த்ததில்லை.

காற்று நின்ற இடம் கடைசியில் அகப்பட்டது. ரேகையின் போக்கிலேயே பிளேடால் மெல்லிய கீறல். ஊசிக் குழலால் உள்ளே பசை. பிறகு, "அந்த இஸ்திரிப் பெட்டியைக் கொடு" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"என் ரவிக்கையில் கறை பட்டால் நீங்கள்தான் துவைக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள் அம்மாள். ஈரத் துணியை விரித்து மிதமான சூட்டில் அழுத்தினார். அப்புறம் அதன்மேல் அம்மிக் கல் ஏறியது.

எனக்கு அன்று ஊர் திரும்ப மனம் வரவில்லை. மறுநாள் காலை பஸ்ஸுக்கு முன் போய் நின்றேன். "நீங்களே தட்டுங்கள்" என்றார். தட்டினேன். மூலைக்கு மூலை ஒரே சத்தம்.

"சூடான பாத்திரத்தை மேலே வைக்காதே என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறேன்" என்றார்.

உள்ளே அம்மாள் இஸ்திரிப் பெட்டியின் அடியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.