தகவல் தந்தவர்: மகன்

2022 பிப்ரவரியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். எங்கள் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பெண்கள் எலும்பு முறிவு வார்டில் சேர்த்தோம். அன்று மாலை பணியிலிருந்த மருத்துவர் கேஸ் ஷீட்டை விரித்து வைத்துக் கேள்வி கேட்டார். அம்மா கட்டிலில் விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். கேள்விகள் அண்ணனைப் பார்த்து வந்தன.

“சுகர் இருக்கா?”

“இல்ல டாக்டர். பிரஷருக்கு மட்டும் மாத்திரை சாப்பிடுறாங்க.”

“இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?”

“எதுவும் இல்ல.”

“எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கா?”

“அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்.”

“எத்தன பிள்ளைங்க?”

“ரெண்டு. நானும் இவளும்.”

இவள் என்பது நான். பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன். இரவு ஏழு மணிக்கு மேல் பெண்கள் வார்டில் ஆண்கள் இருக்கக் கூடாது என்பதால், பதினோரு நாளும் வெளித் தாழ்வாரத்தில் செய்தித்தாளை விரித்துப் படுத்துக் கிடந்தவனும் அவன்தான்.

அவன் வெளியே போன பிறகு, பத்து மணி வாக்கில் ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண் வந்தாள். என்னுடைய எம்.ஏ. மாணவிகளின் வயதுதான் இருக்கும். “அக்கா, கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா? அம்மாகிட்ட தனியாப் பேசணும்” என்றாள். மகளிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான். டீ குடித்துவிட்டு அரைமணி நேரம் கழித்து வந்தேன். அப்போதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவின் முகத்தருகே குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எக்கோ எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் கேஸ் ஷீட்டைச் சுமக்கும் வேலை உடன் வந்தவர்களுடையது. வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினைந்து பேர். ஸ்ட்ரெச்சரில் அம்மா கண்ணயர்ந்திருந்தாள். நான் கேஸ் ஷீட்டைப் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் பக்கத்தில் பெயர், வயது, கணவர் பெயர். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: தகவல் தந்தவர்: மகன். நம்பகத்தன்மை: நன்று.

மருத்துவ மாணவர்களுக்கு இப்படி எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். நோயாளியின் கதையை யார் சொன்னார், அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று முதலிலேயே குறித்துவிட வேண்டுமாம். எனக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்தது. இருபது வருடமாக வகுப்பில் அகப்பாட்டை எடுத்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, இது யார் கூற்று என்பதுதான். தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா? அது மாறினால் பாட்டின் பொருளே மாறிவிடும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்! அம்மாவின் உடம்பு மகன் கூற்றாக எழுதப்பட்டபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவளும் நான்தான்.

நோயாளி தன் உபாதையை எந்தச் சொல்லில் சொல்கிறாரோ அந்தச் சொல்லிலேயே குறிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய பாடம்தான். ஆனால் குறிப்பது ஆங்கிலத்தில். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, சுண்டி இழுப்பது என்று அம்மா பிரித்துப் பிரித்துச் சொன்னதெல்லாம் முதல் பக்கத்தில் ‘பெயின்’ என்று ஆகியிருந்தது.

நாலாம் பக்கத்தில் வேறு கையெழுத்து. தகவல் தந்தவர்: நோயாளி. அதன் கீழே, ஜி 4, பி 3, எல் 2, ஏ 1.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். என் பிரசவத்தின்போது என் சீட்டிலும் எழுதியிருந்தார்கள். எத்தனை முறை கருத்தரித்தாள், எத்தனை பிரசவம், உயிரோடிருக்கும் பிள்ளைகள் எத்தனை, கலைந்தது அல்லது கலைத்தது எத்தனை. அண்ணனும் நானும் போக இன்னும் இரண்டு பேர் அந்த எண்களுக்குள் இருந்தார்கள். அடுத்த வரியில், 1982, கருக்கலைப்பும் கூடவே குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சையும். அதற்கும் கீழே சிவப்பு மையில் கட்டம் கட்டி, ஊசிக்குப் பின் உடலெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், மருந்தின் பெயர் தெரியாது.

1982இல் எனக்கு மூன்று வயது. அம்மாச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள் என்று மட்டும் நினைவிருக்கிறது.

அன்று மாலை அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டே மெல்லக் கேட்டேன். மறைக்கவில்லை. எனக்கு முன்னால் பிறந்த பெண் குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது. எனக்குப் பிறகு தங்கிய கருவை வேண்டாம் என்று அவளேதான் முடிவு செய்தாள். “கலைக்கணும்னா ஆபரேசனும் சேத்துப் பண்ணிக்கிடணும், இல்லன்னா முடியாதுன்னுட்டாங்க. உங்கப்பா வந்து கையெழுத்துப் போட்டாரு. ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிப் போச்சு. ரெண்டு நாளு கண்ணு தெறக்கல.”

“இவ்வளவு நாளா ஏம்மா சொல்லல?”

“அந்தப் பிள்ள கேட்டுச்சு, சொன்னேன். நீங்க யாரு கேட்டீக?”

1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி, வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவனின் கையெழுத்து வேண்டியதில்லை. கலைக்க வேண்டுமானால் குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதில் எங்கும் கிடையாது. ஆனாலும் அப்படிக் கட்டாயப்படுத்தப்பட்ட பெண்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் உண்டு. உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

அண்ணன் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. குடும்பக் கட்டுப்பாடு நடந்தது அவனுக்குத் தெரியாமல் இருக்காது. எனக்கும் தெரியும். அது எங்கள் இருவருக்கும் ‘ஆபரேஷன்’ என்று தோன்றவே இல்லை. அப்பாவின் குடலிறக்க அறுவை சிகிச்சையை இன்றும் வருடம், தேதியோடு சொல்வோம். அம்மாவின் வயிற்றைக் கிழித்துத் தைத்தது, அவள் வீட்டுக்காகச் செய்துகொண்ட வேலைகளில் ஒன்றாகக் கணக்கில் போய்விட்டது.

மயக்க மருந்து மருத்துவர் சிவப்புக் கட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடமே எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். அறுவை சிகிச்சையை இரண்டு நாள் தள்ளி வைத்து, அதற்கு முன் போடும் ஆன்டிபயாடிக்கையும் மாற்றினார்கள். முதல் பக்கத்தை மட்டும் வைத்துச் செய்திருந்தாலும் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்கும்படி ஆகவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தார்கள். முந்தைய அறுவை சிகிச்சை: இல்லை. மருந்து ஒவ்வாமை: இல்லை. யாரோ முதல் பக்கத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்திருந்தார்கள். திருத்தித் தரச் சொல்லிப் போய் நின்றேன். “அதான் வீட்டுக்குப் போறீங்கல்ல மேடம், இனிமே எதுக்கு?” என்றார் அங்கிருந்தவர். ஒரு மருத்துவர் தன் நோயாளியின் பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. நாளைக்கு வேறொரு மருத்துவமனையில், எங்கள் யாருடைய துணையும் இல்லாமல் அம்மா மயங்கிக் கிடந்தால், அவளுக்காகப் பேசப் போவது இந்த ஒற்றைத் தாள்தானே?

திருத்தித் தருகிறேன் என்று அந்த ஹவுஸ் சர்ஜன் பெண்ணே வந்தாள். பேனாவைத் திறந்தவள் சட்டென்று நிறுத்தி, “எதெல்லாம் எழுதணும்னு அம்மாகிட்ட கேட்டீங்களா?” என்றாள். நான் கேட்டிருக்கவில்லை. இரண்டு பேரும் அம்மாவிடம் போனோம்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். “அந்த ஊசிய எழுதிரு தாயி. ஆபரேசனையும் எழுது. மத்தது இந்தத் தாளுல வேணாம்.”

அப்படியே எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தாள்.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்றும் அம்மாவிடம்தான் கேட்டேன். இப்போது வாக்கரைத் தள்ளிக்கொண்டு அடுப்படி வரை வருகிறாள். வெங்காயத்தை உரித்துக்கொண்டே, “பேரு போடுவியா?” என்றாள். போட மாட்டேன் என்றேன்.

“அப்பன்னா எழுது. உங்க அண்ணன் என்னைக்கு நீ எழுதுனதப் படிச்சிருக்கான்?”